ச பக்கத்தில் ஒரு நூற்றாண்டு

ஜப்பானியக் கரோக்கே அறைகளில் தொடுதிரைக் கருவி வருவதற்கு முன்பு மேசைதோறும் ஒரு தடித்த புத்தகம் கிடக்கும். டெலிபோன் டைரக்டரி கனம். பாடகர் பெயரால் ஒரு பட்டியல், பாட்டின் தலைப்பால் இன்னொன்று. தலைப்புப் பட்டியலுக்குக் காலமும் தெரியாது, வகையும் தெரியாது, தரமும் தெரியாது. முதல் எழுத்து எதுவோ அதன்படி அடுக்கும்; அது ஒன்றாக இருந்தால் இரண்டாம் எழுத்தைப் பார்க்கும். 1931இல் இசைத்தட்டில் வந்த பாட்டும் சென்ற மாதம் வெளியான பாட்டும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும். குழந்தைப் பாட்டுக்கு மேலே குடிகாரன் பாட்டு.

அப்படி ஒரு பக்கத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 'ச' என்ற உயிர்மெய்யில் தொடங்கும் ஜப்பானியப் பாடல்கள். பக்கத்தைப் புரட்டினால் சகுரா வருகிறது, செர்ரிப் பூ. பிறகு சாகே, மது. சஸுராய், அலைந்து திரிதல். சபிஷி, தனிமைத் துயர். சயோனரா, விடைபெறல். சராபா, அதே விடைபெறலின் பழைய வடிவம். ஒரே எழுத்தின் கீழ் இத்தனை பிரிவுகள் கூடிவிட்டதைப் பார்த்தால், அந்த ஒலியிலேயே ஏதோ சோகம் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயம் யாருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. பாடல்களைக் கால வரிசையில் பிரித்துப் போட்ட பிறகு வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு தலைமுறையும் அழுவதற்கென்று ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. அவற்றில் நான்கு சொற்கள் ச-வில் தொடங்கியது வெறும் தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலின் தயவால் ஜப்பானிய வெகுஜனப் பாட்டின் ஒரு நூற்றாண்டு ஒரே பக்கத்தில் மண் அடுக்குகளாகப் படிந்து கிடக்கிறது.

பாட்டுகளுக்குப் போகும் முன் அந்த வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜப்பானிய எழுத்து அட்டவணையை முதன்முறை பார்க்கும் தமிழருக்கு ஒரு திகைப்பு உண்டாகும். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர்; அதன்பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழைய ஜப்பானியத்தில் ப இருந்தது என்று மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டால் நம் ஒன்றாம் வகுப்புப் பாடம்தான். இது கற்பனை உறவு அல்ல. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களை எழுதுவதற்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். 806இல் சீனாவிலிருந்து திரும்பிய கூக்காய் அந்தப் படிப்பை ஜப்பானில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். தொண்டையில் தொடங்கி உதடு வரை வரும் இந்திய ஒலி வரிசையைத் தம் மொழிக்குப் பொருத்திப் பார்த்ததில் பிறந்ததே இந்த அட்டவணை. அதன் தொடக்க வடிவங்கள் பதினோராம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளில் கிடைக்கின்றன. 1093இல் மியோகாக்கு என்ற துறவி அதைப் பற்றி நூலே எழுதினார். க-வுக்கு அடுத்து ச வருவது அங்கும் இங்கும் ஒரே காரணத்தால்தான்.

ஆனால் அந்த வரிசை பல நூற்றாண்டுகள் பண்டிதர் கையிலேயே இருந்தது. பொதுமக்கள் பயன்படுத்தியது இரோஹா வரிசை. ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒருமுறை வரும்படி 47 எழுத்துகளால் கட்டிய செய்யுள் அது. 1079ஆம் ஆண்டு ஏடு ஒன்றில் முதலில் காணப்படுகிறது. கூக்காய்தான் இயற்றினார் என்று மக்கள் நம்பினார்கள், மொழியியலார் ஏற்பதில்லை. இரோஹா வரிசையில் ச 37ஆவது எழுத்து. ஐம்பதொலி அட்டவணையிலோ 11ஆவது. இந்த இடமாற்றத்தை உறுதிப்படுத்திய நூல்களில் ஒன்று ஓட்சுகி புமிஹிக்கோ தொகுத்து 1889 முதல் 1891 வரை வெளியிட்ட 'கென்காய்' அகராதி. புதிய வரிசையைப் பார்த்த புக்குசாவா யூக்கிச்சி முகம் சுளித்தாராம். கதை சொல்லும் அரங்குகளின் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் வில்லைகள் இரோஹா வரிசையில் இருக்கும்போது இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது அவர் கேள்வி. ஜப்பானை நவீனமாக்கப் பாடுபட்ட சிந்தனையாளர் செருப்பு வில்லைக்காக வாதாடியது வேடிக்கைதான். செருப்பு வில்லை தோற்றது. கரோக்கே புத்தகம் ஓட்சுகியின் வழியில் வந்தது.

முதல் எழுத்தைக் கொண்டு பாட்டை அடையாளம் காணும் பழக்கம் கரோக்கேவோடு பிறந்ததும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா நூறு புலவரிடமிருந்து ஆளுக்கொரு பாட்டாக எடுத்துத் தொகுத்ததாகக் கருதப்படும் தொகுப்பு பின்னாளில் சீட்டாட்டமாயிற்று. ஒருவர் பாட்டை முதலிலிருந்து உரக்கப் படிப்பார். பிற்பகுதி மட்டும் அச்சிட்ட சீட்டுகள் தரையில் பரப்பியிருக்கும். எந்தப் பாட்டு என்று கண்டதும் உரிய சீட்டைத் தட்டி எடுக்கவேண்டும். நூறில் 16 பாட்டுகள் 'அ'-வில் தொடங்குகின்றன. அங்கே இன்னும் சில எழுத்துகள் காதில் விழுந்தால்தான் தீர்ப்பு. மாறாக, ஓர் எழுத்திலேயே முடிவு தெரிந்துவிடும் பாட்டுகள் ஏழு: மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ. ச-வில் தொடங்கும் பாட்டு நூறிலும் ஒன்றே ஒன்று என்பதால் 'ச' என்று காற்று கசியும்போதே கை பாய்ந்துவிடும். ஏழில் மூன்று ச வரிசைக்காரர்கள் என்பதால், பின்னால் வரும் உயிரைக் கணப்பொழுதில் பிரித்தறிவதுதான் அங்கே ஆட்டம். ஓட்சு நகரின் ஓமி ஆலயத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் பட்டப் போட்டி நடக்கிறது. சுயெட்சுகு யூக்கியின் 'சிஹாயாஃபுரு' சித்திரக்கதை வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் இதற்கு மவுசு கூடியது.

அந்த ஒற்றைச் ச பாட்டு யாருடையது? பதினோராம் நூற்றாண்டுத் துறவி ரியோசென் பாடியது, தொகுப்பில் 70ஆவது. பாட்டின் முதற்சொல்லே தனிமைத் துயரைக் குறிப்பது. குடிலில் தனிமை தாளாமல் வெளியே வந்து பார்க்கிறார். எங்கு நோக்கினும் அதே இலையுதிர்கால அந்தி. ச என்றால் சோகம் என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சாட்சியைக் குறித்து வைத்துக்கொள்வோம், தீர்ப்பு பிறகு.

ஒரு பாட்டு எந்தப் பக்கத்தில் வரும் என்பதே சில வேளை சிக்கல். ஜப்பானியத் தலைப்பை மூன்று விதமான எழுத்திலும் ரோமன் எழுத்திலும் எண்ணிலும் எழுதலாம். வரிசையோ உச்சரிப்பைத்தான் கேட்கும். ரெமியோரோமென் குழு 2004இல் வெளியிட்ட பாட்டின் தலைப்பு வெறும் எண்களும் இரண்டு சீன எழுத்துகளும்: மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள். நண்பரின் திருமணத்துக்காக எழுதி, நாளடைவில் பள்ளி விடைபெறு விழாப் பாட்டாக மாறியது அது. வாய்விட்டுப் படித்தால் 'சன்கட்சு கொக்கொனொக்கா'. ஆகவே ச பக்கம். எதிர்த் திசையிலும் நடக்கும். யமகுச்சி மொமொயே 1977இல் பாடிய, சதா மசாஷி எழுதிய பாட்டின் தலைப்பில் 'இலையுதிர்காலம்', 'சகுரா' என்னும் இரண்டு சீன எழுத்துகள் இருக்கின்றன. அதை 'கொஸுமொஸு' என்று, அதாவது காஸ்மாஸ் பூ என்று படிக்கவேண்டும். கண்ணுக்குச் சகுரா தெரிந்தாலும் பாட்டு க வரிசைக்குப் போய்விடுகிறது. மீன் வியாபாரத்தை வளர்க்க உருவாகி 2002இல் திடீரென்று நாடெங்கும் ஒலித்த 'ஒசக்கானா தெங்கொக்கு' பாட்டு, மீனுக்கு முன்னால் மரியாதைக்கு ஓர் 'ஒ' சேர்த்ததால் நம் பக்கத்தைத் தவறவிட்டது.

எழுத்தே மாறிப்போன பாட்டும் உண்டு. சகாமோத்தோ கியூ 1961இல் பாடியது 'உ' பக்கத்துப் பாட்டு. கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடப்பதைப் பற்றியது. அது மேற்கே போனபோது, உச்சரிக்க எளிதாக இருக்கட்டும் என்று 'சுக்கியாக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சட்டியில் வேகும் இறைச்சிக் குழம்பின் பெயர். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயரோடுதான் 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

இனி அடுக்குகளைத் தோண்டலாம். அடியில் இருப்பது அலைச்சல். 1917இல் டால்ஸ்டாயின் நாடகம் ஒன்றை மேடையேற்றியபோது நடிகை மட்சுயி சுமாகோ பாடிய 'சஸுராய் நோ உத்தா', நாடோடிப் பாட்டு. சொற்கள் கவிஞர் கித்தாஹாரா ஹக்குஷு, இசை நக்காயாமா ஷிம்பெய். வானொலி வருவதற்கு முந்தைய காலம். நாடக மேடையும் தெருப் பாடகரும் இசைத்தட்டும்தான் பாட்டைப் பரப்பின. ரஷ்யச் சமவெளியில் அலையும் மனிதனை டோக்கியோ வாலிபன் தானாகவே நினைத்துப் பாடினான். அந்தச் சொல் மறையவில்லை. 1960இல் திரை நாயகன் கொபாயாஷி அக்கிரா 'சஸுராய்' பாடினார். 1998இல் ஒக்குதா தாமியோ அதே தலைப்பில் ராக் பாட்டு ஒன்று தந்தார். மூவரின் அலைச்சலும் ஒன்றல்ல. முதலாவதில் நாடற்றவனின் துயரம், இரண்டாவதில் குதிரையில் வந்து போகும் சாகச வீரனின் மிடுக்கு, மூன்றாவதில் வேலைக்குப் போய் அலுத்தவனின் விடுமுறை ஆசை. தலைப்பு அப்படியே இருக்க உள்ளடக்கம் இளகிக்கொண்டே வந்திருக்கிறது.

அடுத்த அடுக்கு மது. 1931இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு ஜப்பானிய வெகுஜன இசையின் போக்கையே திருப்பியது. தலைப்பு 'சாகே வா நமிதா கா தமெயிக்கி கா': மது என்பது கண்ணீரா, பெருமூச்சா என்ற கேள்வி. இசையமைத்தவர் கோகா மசாவோ. பாடிய ஃபுஜியாமா இச்சிரோ அப்போது டோக்கியோ இசைப் பள்ளி மாணவர். ஜனரஞ்சகப் பாட்டுப் பாடுவதை அந்தப் பள்ளி அனுமதிக்காது என்பதால் புனைபெயரில் பாடினார். குட்டு வெளிப்பட்டு ஒரு மாதம் இடைநீக்கம். மின்சார ஒலிப்பதிவு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்திப் பாடிய காலம் முடிந்து, ஒலிவாங்கியிடம் காதோடு பேசுவதுபோல் முனகலாம் என்று காட்டியது அந்தக் குரல். துக்கம் அந்தரங்கமானது. அதன் பிறகு தோற்ற காதலன் மதுக்கடையில் தனியே உட்கார்ந்து முனகும் பாட்டுக்கு அச்சு கிடைத்துவிட்டது. 45 ஆண்டு கழித்து, 1976இல், கவஷிமா எய்கோவின் 'சாகே தொ நமிதா தொ ஒத்தொக்கொ தொ ஒன்னா' வந்தது: மது, கண்ணீர், ஆண், பெண். மதுவுக்கு அடுத்து கண்ணீர் என்ற பழைய வரிசைகூட மாறவில்லை. 1988இல் யோஷி இக்குஸோவின் 'சாகே யோ' மதுவையே பெயர் சொல்லி அழைத்தது. இடையில் 1982இல் ஓக்காவா எய்சாக்கு பாடிய 'சஸன்கா நோ யாதோ' முறைதவறிய காதலைக் குளிர்காலப் பூவின் பெயரில் சொல்லிப் பெருவெற்றி பெற்றது.

மட்சுயி சுமாகோவைத் தவிர எல்லாம் ஆண் குரல்கள் என்பதையும் கவனிக்கலாம். அலைவதும் குடிப்பதும் ஆணுக்கு, காத்திருப்பது பெண்ணுக்கு என்ற பங்கீடு ச பக்கத்தின் கீழ் அடுக்குகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. இஷிஹாரா யூஜிரோவின் 'சபித்தா நைஃபு', துருப்பிடித்த கத்தி, 1957. அதற்கும் முன்பு, 1931இல், 'சமுராய் நிப்பொன்'. வாளோ கத்தியோ மதுக்கிண்ணமோ கையில் இல்லாமல் ஆண் அழக்கூடாது போலும்.

மூன்றாம் அடுக்கு சயோனரா. இது தனித்த அடுக்காகத் திரள்வது எழுபதுகளில். அதற்கு முன்பும் இல்லாமலில்லை. பைஷோ சியெக்கோ 1965இல் நடனம் முடிந்த பிறகு விடை சொல்லலாம் என்று பாடியிருக்கிறார். ஆனால் 1971இல் மட்டும் ஒஸாக்கி கியோஹிக்கோவின் 'சயோனரா ஓ மோ இச்சிதோ', சக்காய் மசாஆக்கியின் 'சராபா கொய்பித்தோ' என்று இரண்டு. 1972இல் பில்லி பான்பான் இரட்டையர். 1979 டிசம்பரில் ஆஃப் கோர்ஸ் குழுவின் 'சயோனரா'. எழுதியவர் ஒதா கஸுமாசா. அடுத்த ஆண்டு யமகுச்சி மொமொயே. 1990இல் தாமா குழு மனித குலத்துக்கே விடை சொன்னது. 1991இல் யமஷித்தா தட்சுரோ கோடை நாளுக்கு.

இங்கே என்ன மாறியது? மதுப் பாட்டை எழுதுபவர் ஒருவர், இசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர்; மூவரும் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில். எழுபதுகளில் கிட்டாரோடு வந்த இளைஞர்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடினார்கள். ஊரை விட்டு நகரத்துக்குப் படிக்க வந்த தலைமுறை. துறைமுக மதுக்கடையும் படகுத்துறையும் அவர்கள் வாழ்க்கையில் இல்லை. வாடகை அறையும் ரயில் நிலையமும் முடிந்துபோன காதலும் இருந்தன. அதற்குப் பேச்சுவழக்கிலிருந்தே ஒரு சொல் போதுமாக இருந்தது. பிரிவுக்குக் காரணமாக விதியும் ஊராரும் தேவையில்லை. இருவர் பேசி முடிவெடுத்தால் பிரியலாம். பெண் குரலும் இந்த அடுக்கில்தான் சமமாக ஒலிக்கிறது. மொமொயேயின் 'சயோனரா நோ முக்கோகாவா' அதன் உச்சம். விடைபெறலுக்கு அப்பால் என்பது பொருள். 21 வயதில், புகழின் உச்சியில், திருமணத்துக்காகப் பாட்டை விட்டார். 1980 அக்டோபர் 5 அன்று நிப்பொன் புதோகான் அரங்கில் கடைசியாக அந்தப் பாட்டைப் பாடி, ஒலிவாங்கியை மேடையில் வைத்துவிட்டு நடந்தார். சொன்னபடியே திரும்பி வரவில்லை. விடைபெறுவதாகப் பாடியவர்களில் உண்மையாகவே விடைபெற்றவர் அவர்.

கடைசி அடுக்கு சகுரா. இது நம்மை ஏமாற்றக்கூடியது, ஏனெனில் எல்லாவற்றையும்விடப் பழையதாகத் தோன்றும். 'சகுரா சகுரா' என்று உலகமே அறிந்த மெட்டு எடோ காலத்தில் கோத்தோ யாழ் பழகுவோருக்கான பாடம். 1888இல் டோக்கியோ இசைப் பள்ளி வெளியிட்ட கோத்தோ இசைத் தொகுப்பில் அச்சேறியது. 1904இல் புச்சினி அதை 'மேடம் பட்டர்ஃபிளை'யில் எடுத்தாண்டார். அதன் ஐந்து சுரங்கள் கர்நாடக சுத்த சாவேரியோடு ஒத்துப்போகும். நம் காதுக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுவும் காரணமாகலாம். பிறகு பூவின் கதை இருண்டது. உதிரும் இதழைப் போரில் மடியும் வீரனாக்கிப் பாடிய படைப்பாட்டுகள் வந்தன. அரசு அந்த உருவகத்தை எப்படித் திட்டமிட்டு வளர்த்தது என்பதை மானுடவியலாளர் எமிக்கோ ஓனுக்கி-டியர்னி தம் 2002ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். போருக்குப் பின் அரை நூற்றாண்டு, பெருவெற்றி பெற்ற பாட்டுகளின் தலைப்பில் சகுரா என் கண்ணுக்கு அரிதாகவே படுகிறது. அந்தப் பூவின் மேல் படிந்த கறை உலர அவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

உலர்ந்ததும் வெள்ளம். 2000இல் ஐகோவின் 'சகுரா நோ தொக்கி'. அதே ஆண்டு ஃபுக்குயாமா மசாஹாருவின் 'சகுராஸாக்கா', டோக்கியோவின் ஓத்தா வட்டாரத்தில் உள்ள ஒரு மேட்டுச் சாலையின் பெயர், இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002இல் உத்தாதா ஹிக்காரு. 2003இல் மொரியாமா நவொத்தாரோவும் கவகுச்சி கியோகோவும். 2005இல் கெட்சுமெய்ஷி, நக்காஷிமா மிக்கா, கொபுக்குரோ என்று மூவர். 2006இல் ஏகேபி 48 குழுவின் முதல் வெளியீடும் இக்கிமொனோகாக்காரி குழுவின் பெரிய நிறுவன அறிமுகமும் சகுராப் பாட்டுகளே. பலவற்றின் தலைப்பு வெறும் சகுரா. எழுத்து வடிவில் மட்டும் வேற்றுமை: ஒருவர் சீன எழுத்தில், ஒருவர் வளைந்த ஹிரகானாவில், ஒருவர் ரோமனில். பாட்டின் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டியலில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். பாடகர் பெயரைப் பார்த்தால்தான் உங்கள் பாட்டு எதுவென்று தெரியும்.

காரணத்தை அழகியலில் தேடுவதைவிட நாட்காட்டியில் தேடலாம். ஜப்பானில் பள்ளி ஆண்டும் அலுவலக ஆண்டும் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகின்றன. நகரங்களில் நட்டிருக்கும் சொமெய் யோஷினோ மரங்கள் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரத்தின் நகல்கள். ஆகவே ஓர் ஊரில் எல்லாம் ஒன்றாகப் பூத்து, ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்றாகக் கொட்டிவிடும். பள்ளி முடித்தவர் பிரிகிற வாரமும் பூ உதிர்கிற வாரமும் ஒன்றாகி விடுகின்றன. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பாட்டை வெளியிட்டால் அந்த ஆண்டு விடைபெறு விழாக்களில் ஒலிக்கும்; ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் ஆண்டுதோறும் வசந்தத்தில் திரும்பி வரும். நிறுவனங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான முதலீடு ஏது? கொபுக்குரோவின் பாட்டு தெருவோரம் பாடித் திரிந்த நாட்களில், 1998இல், எழுதியது. பெரிய அளவில் வெளியானது நவம்பரில். அப்படி விதிக்கு மாறாக ஒன்றிரண்டு உண்டு. பிற பாட்டுகளில் பலவற்றின் வெளியீட்டுத் தேதியைப் பார்த்தாலே போதும்.

நாட்காட்டியே இப்போது நழுவுகிறது. டோக்கியோவில் 1953 முதல் பூப்பைப் பதிவு செய்கிறார்கள். 2020இல் மார்ச் 14 அன்றே பூத்துவிட்டது, அதுவரை பதிவானதில் மிக முந்தியது. அடுத்த ஆண்டும் அதே தேதி. ஏப்ரல் நுழைவு விழாவுக்கு இதழ் மிஞ்சுவது அரிதாகிறது. பாட்டுகளில் மட்டும் பழைய தேதியில் பூக்கும்.

இந்த அடுக்குகளுக்கு வெளியே ஒரு குழந்தைகள் மூலை உண்டு, அங்கே வெயில். 1969 முதல் தொலைக்காட்சியில் ஓடும் 'சஸாயே சான்' தொடரின் தொடக்கப் பாட்டு. 1988இல் 'டோட்டோரோ' படத்துக்காக நக்காகாவா ரியெக்கோ எழுதி ஹிசாயிஷி ஜோ இசையமைத்த 'சம்போ', உலா போகும் பாட்டு. ஓட்சுக்கா ஆயின் 'சகுரான்போ' செர்ரிப் பழத்தைத் துள்ளலோடு பாடியது. பூ அழ, பழம் சிரிக்கிறது. 1959இல் சக்காத்தா ஹிரோவோ எழுத, அவர் உறவினர் ஓனாக்கா மெகுமி இசையமைத்த 'சச்சான்' வாழைப்பழத்தில் பாதி மட்டும் தின்னும் ஒரு சிறுமியைப் பற்றியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், கடைசிக் கண்ணி வரை. அங்கே அவள் தூர தேசம் போகிறாள். தன்னை மறந்துவிடுவாளே என்று பாடும் பிள்ளை ஏங்குகிறது.

சரி, ஒலியில் சோகம் உண்டா? ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொற்களில் ச பெரும்பாலும் மென்மையையும் தடையில்லாமல் வழுக்குவதையும் காட்டும்: 'சரசரா' என்றால் மணலோ ஓடையோ தங்கு தடையின்றிப் போவது. இதைப் பிடித்துக்கொண்டு, நழுவிப் போவதன் ஒலி ச என்று ஒரு கோட்பாடு கட்டலாம். அடுத்த பக்கங்களைத் திறந்தால் கோட்பாடு சரிந்துவிடும். ந பக்கத்தில் நமிதா, கண்ணீர். மியாக்கோ ஹருமி 1965இல் கண்ணீரோடு படகை அனுப்பி வைத்தார். வ பக்கத்தில் வகாரே, பிரிவு; அவாயா நொரிக்கோ 1937இல் பிரிவின் புளூஸைப் பாடினார். சோகம் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, அது எழுத்துப் பார்த்துக் குடியேறவில்லை. ரியோசென் துறவியின் சாட்சியும் இங்கே தள்ளுபடி: நூறில் ஒன்றை வைத்து வழக்கை வெல்ல முடியாது.

எழுத்துக்கும் பாட்டுக்கும் மெய்யான தொடர்பு ஓரிடத்தில் உண்டு, ர பக்கத்தில். பழைய ஜப்பானியத்தின் சொந்தச் சொற்கள் ர-வில் தொடங்குவதில்லை. தொல்காப்பியத்தின் மொழிமுதல் விதி படித்தவருக்கு இது வியப்பாக இராது. தொல்காப்பியர் ச-வை அகரத்தோடு சேர்த்தும் விலக்கினார் என்பது நம் பக்கத்துக்கு ஒரு குறும்பான அடிக்குறிப்பு. ஆகவே ஜப்பானிய ர பக்கம் முழுக்க வந்தேறிகள்: போர் முடிந்த கையோடு நாமிக்கி மிச்சிக்கோ பாடி நாட்டைத் தேற்றிய ஆப்பிள் பாட்டின் 'ரிங்கோ' சீன வழிச் சொல், தெராவோ அக்கிரா 1981இல் பாடிய மோதிரத்தின் மாணிக்கம், 'ருபீ', ஐரோப்பியச் சொல். மொழியின் இலக்கணமே ஒரு பக்கத்தின் குணத்தைத் தீர்மானித்தது இங்கே மட்டும்தான்.

எந்த அடுக்கிலும் சேராத ஒரு பாட்டு ச பக்கத்தில் மிச்சமிருக்கிறது. 'சத்தோக்கிபி பத்தாக்கே', கரும்புத் தோட்டம். தெராஷிமா நவொஹிக்கோ 1960களில் ஒக்கினாவாவுக்குச் சென்றுவந்து எழுதி இசையமைத்தது. 1945 போரில் இறந்தவர்களின் எலும்புகள் கரும்புக்கு அடியில் கிடந்த நிலம் அது. போரில் தந்தையை இழந்த பிள்ளையின் குரலில் பாட்டு போகிறது. முழுதாகப் பாடினால் பத்து நிமிடத்துக்கு மேல். காற்றில் கரும்புத் தோகை உரசும் ஒலி 66 முறை திரும்பத் திரும்ப வரும். வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் ஒத்துவராத நீளம் என்பதால் வெட்டிச் சுருக்கியே பலகாலம் ஒலிபரப்பினார்கள். மதுவும் சயோனராவும் சகுராவும் அவரவர் காலத்தில் வந்து போக, இது எந்த மோஸ்தருக்கும் பிந்தியோ முந்தியோ நின்றது. முழு வடிவத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பாடி நிலைநிறுத்தியவர் மொரியாமா ரியோக்கோ. 2003இல் டிபிஎஸ் தொலைக்காட்சி அந்தப் பாட்டை மையமாக வைத்து ஒக்கினாவாப் போர் நாடகம் ஒன்றை ஒளிபரப்பியது. அதே ஆண்டு வசந்தத்தில் பியானோ மட்டும் துணைக்கு வைத்துச் சகுராவைப் பாடி, பட்டியலின் அடியிலிருந்து வாரவாரம் ஏறி முதலிடம் பிடித்த நவொத்தாரோ, ரியோக்கோவின் மகன். ச பக்கத்தில் 'கு' முதலில், 'தொ' பிறகு. மகன் மேலே, தாய் கீழே, நடுவில் மதுப் பாட்டுகள்.